அம்மாவின் முழங்காலும் அல்வாப் பெட்டியும்: விமான நிலையச் சோதனை எதுவரை?

பாளை ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் மாற்று மூட்டு வைத்திருக்கிறது. வடக்கே இருக்கும் தங்கை வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வல்லநாடு தாண்டி வாகைகுளம் (தூத்துக்குடி விமான நிலையம்) போய் ஏறியது வரை ஒரு சிரமமும் இல்லை. நடுவில் ஒரு பெரிய நகரத்தில் விமானம் மாற வேண்டும், அங்கே மறுபடியும் சோதனை. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. என் கேள்வி ஓர் ஊரைப் பற்றியது இல்லை.

மெட்டல் டிடெக்டர் வாசலில் அம்மா கால் வைத்ததுமே சத்தம். பெண்களுக்கான மறைப்புக்குள் அழைத்துப் போனார்கள். அறுவை சிகிச்சைக் காகிதத்தை அம்மா கையிலேயே பிடித்திருந்தாள். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொல்லி சைகை காட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. திரையைப் பாதிதான் இழுத்திருந்தார்கள். எதிரே ஆண்கள் வரிசை, அதில் நானும் நின்றேன். தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அதே நேரம் என் பையிலிருந்த இரண்டு கிலோ அல்வாவையும் எடுத்துப் பிரித்தார்கள். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "நான் என்னல தப்பு செஞ்சேன்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விமானம் பத்திரமாகப் போக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சோதனை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் எதுவரை? அந்த எல்லையை யார் போடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வல்லநாட்டுக்காரர்

தம்பி, படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. நான் மத்தியப் படையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஒன்பது வருஷம் விமான நிலைய வாசல்களில் நின்றிருக்கிறேன். அந்தத் திரை முழுதாக மூடியிருக்க வேண்டும். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வாசலின் இந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. கொழும்பு விமானத்துக்கு என்று வைத்த பெட்டி, விமானத்தில் ஏறாமல் நிலையத்துக்குள்ளேயே வெடித்தது. 33 பேர் செத்தார்கள், பலர் இலங்கைக்காரர்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பேப்பரில் வந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வருஷம் ஜூன் 23இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் போனார்கள். அதில் பெட்டி ஏறியது, பெட்டிக்காரன் ஏறவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒருவர் ஏறாமல் போனால் இன்றைக்கு அவர் பெட்டியைத் தேடி இறக்கிய பிறகுதான் விமானம் கிளம்பும். அரை மணி தாமதம் என்று பயணிகள் சலித்துக்கொள்கிறார்கள். அந்த அரை மணிக்குப் பின்னால் 329 உயிர் இருக்கிறது.

1999 டிசம்பர் 24இல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐசி 814 விமானத்தைக் கடத்திக் காந்தகாருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் விமான நிலையக் காவல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்கு வந்தது, முதலில் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு சாவு வீட்டிலிருந்து வந்தது.

சரி, அம்மா விஷயம். அந்த வாசல் ஒரு காந்தப்புலம். உலோகம் குறுக்கிட்டால் கத்தும். முழங்காலுக்குள் இருப்பது மூட்டா, புடவைக்குள் இருப்பது கத்தியா என்று அதற்குத் தெரியாது. டாக்டர் காகிதத்தை மட்டும் நம்பி விடவும் முடியாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நாங்கள் செய்த முறை இதுதான்: உட்கார வைத்து, புடவைக்கு மேலேயே கைக்கருவியை ஓட்டி, சத்தம் வரும் இடத்தைப் புறங்கையால் தடவிப் பார்ப்போம். பெண்களைப் பெண் காவலர்தான் பார்ப்பார். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் மூடிய அறை. எடுத்த எடுப்பில் புடவையைத் தூக்கச் சொல்வது அவசரம். நெரிசல் நேரத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார், சத்தம் மட்டும்தான் காதில் விழுகிறது. நானும் அப்படி நடந்த நாட்கள் உண்டு.

அல்வாவைப் பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி, காகிதம் போன்றவை ஆரஞ்சாகவும் தெரியும். வெடிமருந்தும் ஆரஞ்சுதான். நெய்யும் கோதுமைப் பாலும் சர்க்கரையும் இறுகிய இரண்டு கிலோ கட்டி அங்கே அடர்ந்த ஆரஞ்சுப் பாளமாக நிற்கும். திறக்காமல் அனுப்பினால்தான் தப்பு.

---

அம்பை அக்கா

ஆசிரியர் தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்வியை என் தம்பியும் கேட்டிருக்கிறான். அவனுக்கு விபத்தில் இடது கால் போய்விட்டது, செயற்கைக் கால். கழற்றி டிரேயில் வைக்கச் சொல்வார்கள். பெல்ட், செருப்பு, செல்போனோடு அவன் காலும் அந்த ரப்பர் பட்டையில் போகும். அது திரும்பி வரும் வரை ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முன்னால் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் பார்ப்பார்கள்.

2021 அக்டோபரில் நடனக் கலைஞர் சுதா சந்திரன் இதைப் பற்றி அழுதபடி ஒரு வீடியோ போட்டார், நினைவிருக்கும். ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், முதியவர்களுக்குத் தருவதுபோல எங்களுக்கும் ஓர் அட்டை தரக்கூடாதா என்று பிரதமரிடமே கேட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அவர் பெயர் பெற்றவர், கேட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கிற என் தம்பிக்கு யார் மன்னிப்புக் கேட்பது? அவன் இப்போது விமானமே ஏறுவதில்லை. இரண்டு நாள் ஆனாலும் ரயில்தான்.

---

திசையன்விளை வியாபாரி

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. மாதம் இரண்டு தடவை பறக்கிறேன். பாதுகாப்பு என்றால் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டுகிறோம், அங்கே மானம் போகிறதா? முகத்தை ஸ்கேன் பண்ணி உள்ளே விடும் டிஜி யாத்திரையும் வைத்திருக்கிறேன். வரிசையே கிடையாது. என் முகத்தை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்? ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்குப் பயம் எதற்கு?

ஆசிரியர் அம்மாவுக்கு நடந்தது தப்பு. அது ஓர் ஆளின் தப்பு, முறையின் தப்பு இல்லை.

---

மேலப்பாளையம் பாய்

வியாபாரி அண்ணாச்சி, கோபமில்லாமல் எழுதுகிறேன், நீங்களும் அப்படியே படியுங்கள். என்னிடமும் ஒளிக்க ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷமாக வளைகுடாவில் கணக்குப் பிள்ளை வேலை. திருவனந்தபுரத்தில் ஏறுவேன், சில சமயம் மதுரை. நானும் எங்கள் கம்பெனியில் இருக்கும் நாகர்கோவில் நண்பரும் ஒரே விமானத்தில் வருவோம், ஒரே மாதிரிப் பெட்டி. அவர் வெளியே போய் டீ குடித்து முடித்த பிறகுதான் நான் வருவேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." இந்த மூன்று வார்த்தையை எத்தனை விமான நிலையத்தில் எத்தனை மொழியில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஏன் என்று ஒரு தடவைகூட யாரும் சொன்னது கிடையாது. அடிக்கவில்லை, திட்டவில்லை. பெயரைப் பார்த்ததும் முகம் மாறும், அவ்வளவுதான். என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன தடவை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்துல் கலாம் ஐயாவையே 2009இல் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனம் வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்த்தது. இந்த நாட்டில் சோதனைக்கு விலக்குப் பெற்றவர் பட்டியலில் இருந்தவர் அவர். 2011இல் நியூயார்க்கில் விமானத்தில் உட்கார்ந்த பிறகு வந்து கோட்டையும் ஷூவையும் சோதனைக்கு வாங்கிப் போனார்கள். அவர் பெரிதுபடுத்தவில்லை. ராமேஸ்வரத்துப் பெருந்தன்மை. அவருக்கே அப்படி என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, நம் எல்லோருக்கும் பொதுவானது. நம் ஊரில் இனிஷியலும் பெயரும்தான், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்க முடியாது என்றது. பிறகுதான் பாஸ்போர்ட்டில் இருக்கும் தகப்பனார் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் டிக்கெட் எடுத்துவிட்டுத் தவித்தவர்களை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு இரண்டு கட்டம் வேண்டும் என்பதற்காக நாம் பெயர் வைக்கும் வழக்கமே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நாமாகப் போகிறோம், அண்ணாச்சி. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்.

---

வல்லநாட்டுக்காரர்

பாய், நீங்கள் எழுதியது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பெயரைப் பார்த்து நிறுத்து என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்காது. ஆனால் வாசலில் நிற்பவனுக்கு ஒருவரைத் தனியாக நிறுத்தும் அதிகாரம் உண்டு. அதை எதை வைத்துப் பயன்படுத்தினான் என்று யாரும் அவனிடம் கணக்குக் கேட்பதில்லை. அது பாதுகாப்புக்கும் கெடுதல். பெயரைப் பார்க்கிறவன் பெட்டியைப் பார்க்கத் தவறுவான். எனக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: ஆளைப் பார்க்காதே, கையைப் பார், நடையைப் பார்.

---

தென்காசி வழக்கறிஞர்

சட்டப்படி எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு மூன்று விஷயம் இங்கே கலந்து கிடக்கிறது.

விமானம் ஏறும் முன் நடப்பது பாதுகாப்புச் சோதனை. இறங்கிய பிறகு நடப்பது சுங்கச் சோதனை. இரண்டும் வேறு சட்டம், வேறு துறை. பாதுகாப்புச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் விமானம் ஏற முடியாது. அதை நீதிமன்றங்கள் தவறு என்று சொல்லப் போவதுமில்லை. ஆனால் அதைச் செய்யும் விதத்துக்கு எல்லை உண்டு. 1978இல் மேனகா காந்தி வழக்கு வந்ததே ஒரு பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்ததில்தான். காரணம் சொல்ல மறுத்தார்கள். ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், சட்டத்தில் ஏதோ ஒரு நடைமுறை இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தக்க நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

ஆசிரியர் அம்மா விஷயத்தில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை. கைக்கருவியால் முடிகிற வேலைக்குப் புடவையைத் தூக்க வைத்தது அளவு மீறல்.

பாய் போன்றவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது சுங்கச் சட்டம், 1962. உங்கள் உடலைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால், 102ஆம் பிரிவின்படி என்னை முதலில் கெசட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப் போங்கள் என்று கேட்கலாம். கேட்டால் அழைத்துப் போயே ஆக வேண்டும். சோதனைக்குக் காரணம் இல்லை என்று அவர் கருதினால் உடனே விட்டுவிட வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இதெல்லாம் அறுபது வருஷத்துக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இதைக் கேட்ட ஒரு பயணியைக்கூட என் அனுபவத்தில் நான் சந்தித்ததில்லை. யாரும் சொல்லித் தருவதில்லை.

இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலிக்கொடியைச் சென்னையில் சுங்கத்தில் பறிமுதல் செய்த வழக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, சோதிக்கும் அதிகாரி இந்த மண்ணின் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்றது. தங்கக் கடத்தல் நடக்கிறது, மறுக்கவில்லை. அதற்காகக் கழுத்தில் கிடப்பதை எல்லாம் கடத்தல் தங்கம் என்று எடுத்துவிட முடியாது.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு சிக்கல். விதிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் கீழ் வரும் உத்தரவுகளில் பல ரகசியம். எதிரிக்குத் தெரியக் கூடாது என்பது புரிகிறது. ஆனால் ஒரு பயணியைத் தொடும் முறை ரகசியமாக இருக்க என்ன காரணம்? அதை மட்டுமாவது தமிழில் எழுதி வாசலில் ஒட்டலாம்.

---

வண்ணாரப்பேட்டை தங்கை

நான் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வியாபாரி அண்ணன் கேட்ட முகம் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

டிஜி யாத்திரை 2022 டிசம்பர் 1இல் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. இது கட்டாயமில்லை என்றுதான் அரசே சொல்கிறது. தகவல் உங்கள் செல்போனில்தான் இருக்கும், விமான நிலையத்துக்குப் போகும் பிரதியை விமானம் கிளம்பி 24 மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்கிறார்கள். ஏற்பாடு அந்த அளவில் யோசித்துச் செய்ததுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடத்துவது ஓர் அறக்கட்டளை நிறுவனம். அதில் அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதம்தான் பங்கு, மீதி விமான நிலையங்களை நடத்தும் கம்பெனிகளுக்கு. அழித்தார்களா என்று நானோ நீங்களோ எப்படிச் சரிபார்ப்பது? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தான் விரும்பும் துறைகளுக்கு விலக்குக் கொடுக்க அரசுக்கு இடம் வைத்திருக்கிறது.

ஒரு விமான நிலையத்தில் நுழைவாயில் ஊழியர் போர்டிங் பாஸை வாங்கி, "கேமராவைப் பாருங்க மேடம்" என்றார். என்னிடம் அந்தச் செயலியே இல்லை. எதற்கு என்று கேட்டதும் பக்கத்து வரிசையைக் காட்டினார். நான் கேட்டேன், தப்பித்தேன். ஆசிரியர் அம்மா போன்ற ஒருவர் கேமராவைப் பார்த்திருப்பார். கட்டாயமில்லை என்று காகிதத்தில் இருந்து என்ன பயன், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே தெரியாவிட்டால்?

வெளிநாட்டுப் பயணத்தில் இன்னும் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி, விமானம் கிளம்பும் 24 மணி நேரத்துக்கு முன்பே பயணிகளின் பதிவுத் தகவலை விமான நிறுவனம் சுங்கத் துறைக்குக் கொடுக்க வேண்டும். யார், யாரோடு போகிறார், என்ன போன் எண், எப்படிப் பணம் கட்டினார், எத்தனை பெட்டி என்பதெல்லாம் அதில் வரும். ஐந்து வருஷம் வைத்திருக்கலாம். பாய், உங்களைத் தள்ளி நிற்கச் சொல்லும் முடிவு இனி ஆளைப் பார்த்து எடுக்கப்படாமல், முன்கூட்டியே திரையில் வந்து நிற்கலாம். அப்போது நீங்கள் கேள்வி கேட்க எதிரே ஒரு முகம்கூட இருக்காது.

வியாபாரி அண்ணா, ஊரில் எல்லோருக்கும் உங்கள் முகம் தெரியும். அவர்கள் முகமும் உங்களுக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் முகம் உங்களுக்குத் தெரியாது.

ஆனால் எல்லாக் கருவியும் அந்தரங்கத்துக்கு எதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மில்லிமீட்டர் அலை உடல் ஸ்கேனர் தோலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான் பார்க்கும், தோலுக்கு உள்ளே போகாது. மாற்று மூட்டு அதற்குத் தெரியவே தெரியாது. அம்மா கையைத் தூக்கிச் சில நொடி நின்றால் போதும். திரையில் வருவது அவர் உருவமும் இல்லை, எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை வடிவம். அமெரிக்காவில் முதலில் வைத்த எக்ஸ்ரே வகைக் கருவி நிர்வாணப் படம் போலக் காட்டியது. மக்கள் சண்டை போட்டார்கள். அதை மறைக்கும் மென்பொருளைச் செய்து கொடுக்க முடியாததால் 2013இல் அந்தக் கருவிகளையே அப்புறப்படுத்தினார்கள். கருவி மாறியது சும்மா இல்லை, மக்கள் கேட்டதால் மாறியது.

---

சங்கரன்கோவில் குருசாமி

கேட்டால் மாறும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று. தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக விட மாட்டார்கள். கொப்பரை எண்ணெய்ச் சத்து உள்ளது, தீப்பிடிக்கும் பொருள் என்று கணக்கு. இருமுடியில் நெய்த் தேங்காயைச் சுமந்து போகிற சபரிமலை சாமிகள் அதை எப்படிப் பெட்டியில் போட்டு அனுப்புவது? கட்டிய இருமுடி சுமக்கிறவன் தலையை விட்டு நினைத்த இடத்தில் இறங்கக் கூடாது. பல வருஷம் கேட்டுக் கேட்டு, 2024 அக்டோபரில் அந்த மண்டல, மகரவிளக்குக் காலத்துக்குக் கைப்பையில் அனுமதித்தார்கள். சோதனையை விட்டுவிடவில்லை. எக்ஸ்ரேயும் உண்டு, வெடிமருந்துச் சோதனையும் உண்டு. அதற்குப் பிறகு அனுப்புகிறார்கள். சீக்கியர்களுக்கும் உள்நாட்டு விமானத்தில் ஆறு அங்குலம் வரை அலகுள்ள கிர்பான் என்ற மதக் குறுவாள் அனுமதி. நம்பிக்கைக்கு வழி கண்டுபிடிக்க முடியும் என்றால், 74 வயது முழங்காலுக்கும் கண்டுபிடிக்கலாம்.

---

திசையன்விளை வியாபாரி

எல்லாவற்றையும் படித்தேன். முறையின் தப்பு இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முகம் விஷயத்தில் இன்னும் எனக்கு முழுதாகப் பயம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் பாய் சொன்ன டீ மனதில் நிற்கிறது. முன்னால் போய் டீ குடிக்கிறவனாகவே நான் இருந்திருக்கிறேன். பின்னால் யார் நின்றார்கள் என்று திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரு சந்தேகம். ஒரு தடவை போட்ட விதியை எடுக்கவே மாட்டார்களா? செருப்பைக் கழற்று, தண்ணியைக் கொட்டு என்று கூடிக்கொண்டேதான் போகிறது.

---

வல்லநாட்டுக்காரர்

எடுப்பார்கள், ஆனால் லேசில் இல்லை. 2001 டிசம்பரில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்து அமெரிக்க விமானத்தில் ஏறினான். 2006இல் அங்கே எல்லோரும் ஷூ கழற்ற வேண்டும் என்றார்கள். அதை எடுத்தது 2025 ஜூலையில். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பதும் 2006இல் லண்டனில் பிடிபட்ட சதியால் உலகம் முழுக்க வந்தது, இன்னும் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. விதியைப் போடுகிற அதிகாரிக்கு அன்றைக்கே பாராட்டு. எடுக்கிற அதிகாரி, பிறகு ஏதாவது நடந்தால் வாழ்நாள் முழுக்கப் பழி சுமக்க வேண்டும். அதனால் யாரும் கைவைப்பதில்லை. ஒவ்வொரு விதிக்கும் இத்தனை வருஷம் என்று காலக்கெடு வைத்து, முடிந்ததும் மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் வேலையில் இருந்தபோது இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

---

பாளை ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வல்லநாட்டு அண்ணாச்சி எழுதிய மீனம்பாக்கம் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. "சோதிக்கட்டும்ல, வேண்டாம்னா சொன்னேன். திரையை மூடிட்டுச் சோதிக்கக் கூடாதா?" என்றாள்.

வழக்கறிஞர் சார் வழிகாட்டியபடி புகார் எழுதினோம், விமானப் பயணிகளின் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் அந்த நிலையத்துக்குக் கடிதமாகவும். அந்தப் பெண் காவலரைத் தண்டிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. பத்து மணி நேரம் நிற்கிற பிள்ளை என்கிறாள். கேட்டது மூன்று. திரை தானாக மூடிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மாற்று மூட்டும் செயற்கைக் காலும் உள்ளவர்களைச் சோதிக்கும் முறையைப் பயணிகளின் மொழிகளில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். தனியாக நிறுத்தினால் காரணத்தை ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது அம்மாதான், பாய் எழுதியதைக் கேட்ட பிறகு. அம்பை அக்கா, உங்கள் தம்பி சம்மதித்தால் அவர் பெயரிலும் ஒன்று அனுப்பலாம், எழுதித் தர நான் இருக்கிறேன்.

---

அம்பை அக்கா

கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதச் சொன்னான்.

---

மேலப்பாளையம் பாய்

அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள், ஆசிரியரே. லீவு முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஏறுகிறேன். 102ஆம் பிரிவைத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன், மகன் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான். இந்தத் தடவை தள்ளி நிற்கச் சொன்னால் நிற்பேன், ஏன் என்றும் கேட்பேன். என்ன பதில் வந்தது என்று போய்ச் சேர்ந்ததும் இங்கே எழுதுகிறேன்.